சாம்பாருக்கு ஒரு கரண்டி பதமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அனுபவத்தில் சொன்னது. பானைக்குள் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொதி. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும், மீதியும் அப்படித்தான் வெந்திருக்கும். இதே வேலையைச் சாம்பாரிடம் காட்டினால் ஏமாந்து போவோம். மேலாக ஒரு கரண்டி மொண்டால் கடுகும் கறிவேப்பிலையும் தெளிந்த புளித்தண்ணீரும்தான் வரும். பருப்பு முழுக்க அடியில் கிடக்கும். அடியில் மட்டும் தோண்டினால் கெட்டியாகப் பருப்பு வரும். தாளிப்பே போடவில்லையோ என்று தோன்றும். அடியோடு ஒரு தடவை கிளறிவிட்டு எடுத்து வாயில் வைத்தால்தான் உப்பு, உறைப்பு, புளிப்பு எல்லாம் சேர்ந்து எப்படி என்று சொல்ல முடியும்.

பைபிள் வசனங்களைப் பெரும்பாலும் நாம் சோற்றுப் பருக்கை மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். அது சாம்பார்.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வசனம் எத்தனை வழியாக வந்து சேர்கிறது என்று பாருங்கள். தினசரிக் காலண்டர் தாள், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, கல்யாணப் பத்திரிகையின் தலைப்பு, ஆட்டோவின் பின்கண்ணாடி, காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வந்து விழும் வாட்ஸ்அப் செய்தி. எல்லாமே யாரோ மொண்டு கொடுத்த கரண்டிகள். கொடுத்தவர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார். எந்தப் பாத்திரத்தில், எந்த ஆழத்தில் மொண்டார் என்பதை அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும், சரிபார்க்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை அடுப்படியிலேயே நின்று பார்த்துவிடலாம். இதற்குக் கிரேக்கமோ எபிரெயமோ வேண்டாம். விசுவாசியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா என்று பார்க்கும் எவருக்கும் வழி ஒன்றுதான்.

முதலில், அப்படி ஒரு பாத்திரம் அடுப்பில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பல மேற்கோள்கள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும். தனக்குத் தானே உதவிக்கொள்பவனுக்குக் கடவுள் உதவுவார் என்ற வாசகத்தைப் பைபிள் வசனம் என்று மேடையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 66 புத்தகங்களையும் புரட்டினாலும் அது கிடைக்காது. ஈசாப் கதைகளில் அந்தக் கருத்து உண்டு. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736ஆம் ஆண்டுக்கான தன் பஞ்சாங்கத்தில் அதை அச்சிட்டுப் பிரபலமாக்கினார். ஏதேனில் ஏவாள் தின்றது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. கனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்கள் வராமல் இருக்க மாட்டார்கள். மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் வந்தவர்கள் ராஜாக்கள் என்றும் இல்லை, மூவர் என்றும் இல்லை. காணிக்கை மூன்று வகை என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது.

தேடும்போது ஒரு சங்கடம் வரலாம். சொன்ன எண்ணில் வசனம் இல்லை என்பதற்காக உடனே பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லத்தீன் வழிவந்த பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் பல சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். பிராட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 23ஆம் சங்கீதம் அங்கே 22. கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள். சீராக்கின் ஞானத்திலிருந்து ஒருவர் மேற்கோள் காட்டினால் 66 புத்தகப் பதிப்பில் அதைத் தேடிக் களைத்துப் போவீர்கள். ஒருவருக்கு அப்போஸ்தலர் நடபடிகள், இன்னொருவருக்குத் திருத்தூதர் பணிகள், புத்தகம் ஒன்றுதான்.

இரண்டாவது விஷயம் கரண்டியைப் பற்றியது. அதிகார எண்ணும் வசன எண்ணும் எழுதியவர்கள் போட்டவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிப்பு, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் பாடம் சொன்ன ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டில் நாம் காணும் வசன எண்கள் ராபர் எத்தியேன் என்ற அச்சகக்காரர் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. பாரிஸிலிருந்து லியோனுக்குப் போன பயணத்தில் அப்பா அந்த வேலையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். குதிரை குலுங்கிய இடத்தில் எல்லாம் கோடு விழுந்துவிட்டது என்று பிற்காலத்தில் கேலி செய்தவர்கள் உண்டு. கேலியை விடுங்கள், எண்கள் மிகவும் உபயோகமானவை. தேடுவதற்கு உபயோகம், எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதற்கு அவ்வளவு நம்பகம் இல்லை. பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயாவின் பகுதி 53ஆம் அதிகாரம் என்றே பெயர் பெற்றுவிட்டது. அது தொடங்குவது 52:13இல். 53:1இலிருந்து வாசிப்பவர் முதல் மூன்று வசனங்களை விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். வசனங்களுக்கு மேலே தடித்த எழுத்தில் இருக்கும் சிறு தலைப்புகளும், பக்கத்தின் அடியில் உள்ள விளக்கக் குறிப்புகளும் பதிப்பாளர்கள் சேர்த்தவை. வேத வாக்கியம் என்று நினைத்து அவற்றையும் மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனிதான் கிளறும் வேலை. ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். யோபு 8:7. தொடக்கம் சிறிதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்ற பொருளில் வரும் வசனம். புதுக்கடைத் திறப்பு, புதுமனை புகுவிழா, சபையின் ஆண்டு விழா என்று தமிழ்நாட்டில் இது போகாத இடம் இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போங்கள். பேசுவது யார்? கடவுளும் இல்லை, யோபுவும் இல்லை. பில்தாத் என்ற நண்பர். கேட்பது யார்? ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் வீடு இடிந்து இறந்துபோக, சொத்தும் போய், உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபு. எப்போது பேசுகிறார்? யோபு தன் வேதனையைக் கொட்டி முடித்த கையோடு. 2ஆம் வசனத்தில் உன் பேச்சு வெறும் காற்று என்கிறார். 4ஆம் வசனம்தான் வயிற்றைப் பிசைகிறது: உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்கான பலனைக் கடவுள் கொடுத்துவிட்டார் என்ற தொனியில் பேசுகிறார், பிள்ளைகளைப் புதைத்தவன் முகத்துக்கு நேரே. 5, 6ஆம் வசனங்களில் நிபந்தனை: நீ கடவுளைத் தேடினால், நீ சுத்தமானவனாக இருந்தால். அதற்கு அப்புறம் வருகிறது நம் சுவர் வசனம். மேலாக மொண்டபோது ஆசீர்வாதமாக மணந்தது, கிளறியபோது துக்க வீட்டில் சொன்ன குத்தல் பேச்சாக மாறிவிட்டது.

பலர் இங்கேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இந்த வசனமே தப்பு என்று அறிவித்துவிடுகிறார்கள். அவசரம். புளி ஊற்றி ஒரு கொதி வந்த நேரத்தில் ருசி பார்த்தால் பச்சை வாசனைதான் அடிக்கும். யோபுவின் புத்தகம் 42 அதிகாரம். 8ஆம் அதிகாரம் பாதிக் கொதி. இறக்கி வைக்கும் நேரம் வரை நின்றால் 42:7 வரும். யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று நண்பர்கள் மூவரையும் கடவுளே கண்டிக்கிறார். ஆக, பில்தாத்தின் பேச்சுக்குப் புத்தகமே மதிப்பெண் போட்டுவிட்டது. ஆனால் ஐந்து வசனம் தள்ளி 42:12ஐப் பாருங்கள்: யோபுவின் முன்நிலையைவிடப் பின்நிலை அதிகமாக ஆசீர்வதிக்கப்பட்டது என்று இருக்கிறது. பில்தாத் சொன்ன முடிவு பலித்தே விட்டது! அவர் சொன்ன காரணத்தால் பலிக்கவில்லை, அவ்வளவுதான். யோபு தன் பாவத்தை ஒப்புக்கொண்டதால் நிலைமை மாறியது என்று கதை சொல்லவில்லை. அந்த நண்பர்களுக்காக அவர் வேண்டிக்கொண்டபோது மாறியது என்கிறது 42:10.

அப்படியானால் நண்பர்கள் பேசியது எல்லாமே கழித்துக்கட்ட வேண்டியதா? பக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சாகும் ஒத்துவாக்கியங்களைப் பின்பற்றிப் போனால் அதுவும் இல்லை என்று தெரியும். அந்த மூவரில் இன்னொருவரான எலிப்பாஸ் யோபு 5:13இல் சொன்னதை, 1 கொரிந்தியர் 3:19இல் பவுல் வேதவாக்காகவே எடுத்தாள்கிறார். எனவே நண்பர் பேசினால் பொய் என்று ஒரு சூத்திரம் போட்டு வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் கிளறித்தான் ஆக வேண்டும். சுவரில் மாட்டிய சட்டத்தைக் கழற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். யார் சொன்னது, என்ன சூழ்நிலையில் சொன்னது என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள். தெரிந்தபின் கடைத் திறப்புக்கு வேறு வசனம் தேடத் தோன்றினால் அதுவும் நல்லதுதான்.

எரேமியா 29:11க்கும் இதே மரியாதையைச் செய்யலாம். நல்ல எதிர்காலத்துக்கான திட்டம் இருக்கிறது என்று கடவுள் சொல்லும் அந்த வசனம், புத்தாண்டு வாக்குத்தத்தங்களில் அடிக்கடி வருவது. அது ஒரு கடிதத்தின் நடுவரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டத்துக்கு இனிக்க இனிக்கச் சொல்கிறார். எரேமியாவின் கடிதம் அதற்கு நேர்மாறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கும் ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள். 10ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று கணக்கும் சொல்லிவிடுகிறார். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் ஊர் திரும்பியவர் அநேகமாக இருக்க முடியாது. இந்த வருஷமே வேலை கிடைக்கும், விசா கிடைக்கும் என்று இந்த வசனத்தை வைத்து ஒருவர் உறுதி கொடுத்தால், அவர் எரேமியாவின் வரியை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்கிறார். இதில் ருசியான சங்கதி, 8ஆம் வசனம் அதே கடிதத்தில் எச்சரிக்கிறது: உங்கள் நடுவில் இருக்கும் தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதீர்கள் என்று.

கல்யாண வீட்டுக்கு வருவோம். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்கு எபேசியர் 5:22ஐக் காட்டுவார்கள். ஒரு வசனம் முன்னால், 21இல், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லியாயிற்று. பல பதிப்புகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு தலைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனைவியருக்குச் சொன்னது மூன்று வசனம். 25இலிருந்து கணவன்மாருக்குச் சொன்னது அதைவிட நீளம். கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்த அளவுக்கு அன்பு வேண்டும் என்று கேட்கிறது. பிரசங்கங்களில் அந்தப் பகுதிக்கு நேரம் போதாமல் போவது தற்செயல்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம். மற்றவர்களைத் தீர்ப்பிட வேண்டாம் என்று மத்தேயு 7:1ஐச் சொல்லி வாயடைப்பவர்கள் 5ஆம் வசனத்தையும் 15ஆம் வசனத்தையும் வாசிப்பதில்லை. முதலில் உன் கண்ணைச் சரி பண்ணு, அப்புறம் அடுத்தவனுக்கு உதவலாம் என்கிறது ஒன்று. கள்ளத் தீர்க்கதரிசிகளை அடையாளம் கண்டுகொள் என்கிறது மற்றது.

இதுவரை பார்த்தது அறியாமல் மொண்ட கரண்டிகள். தெரிந்தே செய்வதும் உண்டு. சாத்தான் வேதம் ஓதுகிறது என்று தமிழில் எல்லா மதத்தாரும் சொல்கிறோமே, அதற்குப் பொருத்தமான காட்சி மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொல்லும் பிசாசு 91ஆம் சங்கீதத்தைத்தான் ஆதாரம் காட்டுகிறது. சங்கீதத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். 11ஆம் வசனத்தில், நடக்கும் வழிகளில் காப்பதைப் பற்றிய சொற்கள் உண்டு. பிசாசின் மேற்கோளில் அவை இல்லை. சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றிய 13ஆம் வசனத்துக்கு முன்னாலேயே நிறுத்தியும் விடுகிறது. சொன்ன சொற்களில் பொய் ஒன்றும் கிடையாது. பதிலுக்கு இயேசு உபாகமம் 6:16ஐ எடுக்கிறார், கடவுளைச் சோதித்துப் பார்க்காதே என்று. ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு வைத்து நிதானிக்கும் முறை புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

சமையலறையிலேயே பொருளை எடுத்து ஒளித்துவிட்ட கதையும் உண்டு. 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று ஒரு சுருக்க பைபிள் அச்சானது. எகிப்தில் அடிமைகளாக இருந்த ஜனங்கள் விடுதலையாகி வெளியேறும் கதை அதில் இல்லை. அடிமையும் சுதந்திரனும் ஒன்றே என்னும் கலாத்தியர் 3:28 இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 6:5 பத்திரமாக இருந்தது. முழுப் பாத்திரத்தையும் கண்ணால் பார்க்காதவனுக்கு அதில் குறை இருப்பதே தெரிந்திருக்காது.

சில இடங்களில் அடிக்குறிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள பகுதி, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சைனாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலும் கிடையாது. பல பதிப்புகள் இதை அடிக்குறிப்பில் சொல்கின்றன. பாம்பைக் கையால் எடுப்பதைப் பற்றிய வரி வருவது அந்தப் பகுதியில்தான். அமெரிக்க மலைப்பகுதிச் சபைகளில் பாம்பு பிடிக்கும் ஆராதனையைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி, 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். தமிழில் 1871இல் வந்த, பவர் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் திருப்புதலையும் 1995இன் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் இப்படிப்பட்ட இடங்கள் தானாகவே கண்ணில் படும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று அர்த்தம்; அங்கே நின்று பாருங்கள்.

பாஸ்டர், ஐயர், ஃபாதர் எல்லாம் எதற்கு, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல்காரன் நாக்குக்கு நல்ல சாம்பாரும் கசக்கும். நமக்கும் நம் விருப்பு வெறுப்பு என்ற காய்ச்சல் உண்டு. பாபிலோன் எங்கே இருந்தது, அந்தக் காலத்து அடிமை முறை எப்படி என்பதெல்லாம் படித்தவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்கும் வரிசைதான் முக்கியம்: முதலில் நம் நாக்கு, அப்புறம் அடுத்தவர் அபிப்பிராயம். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி, ஒருவர் வழிகாட்டாவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்று பிலிப்புவிடம் கேட்கிறார். விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்கு இந்த வசனத்தைக் காட்டுவது வழக்கம், சரியும்கூட. ஆனால் பிலிப்பு ரதத்தை எட்டிப் பிடித்தபோது அந்த மந்திரி என்ன செய்துகொண்டிருந்தார்? ஏசாயாவைத் தானே வாசித்துக்கொண்டிருந்தார். கேள்வியோடு இருந்தவருக்கு விளக்கம் கிடைத்தது. 17ஆம் அதிகாரத்தில் பெரோயா ஊர்க்காரர்கள் இன்னும் ஒருபடி மேல். வந்து பேசியவர் பவுல். அவர் சொன்னதையே, அப்படி இருக்கிறதா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அதற்காக அவர்களைப் புத்தகம் பாராட்டுகிறது, அவமரியாதை என்று சொல்லவில்லை.

1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது, ஒரு சபைக்கு ஒரு புத்தகம் கிடைத்தாலே பெரிய காரியம். வாசிக்கத் தெரிந்தவர் சொன்னதை மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. இன்று சட்டைப்பையில் இருக்கும் போனில் பல பதிப்புகள் இருக்கின்றன. வசனத்தைத் தொட்டால் அதிகாரம் முழுதும் திறக்கும். யோபு 8இல் இருப்பது மொத்தமே 22 வசனம். டீ ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். பிடிக்காத பிரசங்கியார் காட்டிய வசனத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடும், அது சுலபம். நீங்கள் தொடங்க வேண்டியது உங்களுக்கு மிகவும் பிடித்த வசனத்தில். இந்த வருஷம் உங்களுக்கு வந்த வாக்குத்தத்த அட்டையை எடுங்கள், அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். யார், யாரிடம், எப்போது சொன்னது என்று அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.